கட்டை விரலை மடக்கிக் கறந்தவள்

வலது கட்டை விரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக வலி தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. சாவியைத் திருப்பினால் வலி, குழம்புச் சட்டியைத் தூக்கினால் வலி. இதில் என் வீட்டுக்காரர் வேறு, "கை போச்சுன்னா இன்னாடி பண்ணுவ? மாட்ட வித்துரலாம்" என்று தினமும் ஆரம்பித்துவிடுவார். வெள்ளிக்கிழமை மாட்டுத் தரகரை வரச் சொல்லியும் விட்டார். என்னைத் தவிர வேறு யாரையும் அந்த மாடு மடியில் கை வைக்க விடாது. எங்கள் கொட்டகையிலேயே பிறந்தது. அதைப் பிடித்துக் கொடுத்துவிட்டு எனக்குச் சோறு எப்படி இறங்கும்?

தவளக்குப்பத்தில் பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் மூன்று வாரமாகப் போய்க்கொண்டிருந்தேன். மெழுகு ஒத்தடம் கொடுப்பாள், விரல் அசையாமல் பட்டை மாட்டிவிடுவாள், "கைக்கு ரெஸ்ட் குடுக்கிறீங்களாம்மா?" என்று கேட்பாள். "குடுக்கிறேன் பாப்பா" என்று கூசாமல் புளுகுவேன். மாடு கறப்பதைச் சொன்னால் கறக்காதே என்பாள். அது என் வீட்டுக்காரர் காதுக்குப் போனால் தரகர் அன்றைக்கே வந்து நிற்பார். அதனால் காலையும் மாலையும் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கறந்தேன். வலி குறைந்தபாடில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "கட்டை விரல உள்ள மடக்கி, மேல மத்த விரல மூடுங்கம்மா" என்றாள். மூடினேன். கையைச் சுண்டு விரல் பக்கமாக மெல்லச் சாய்த்தாள். "அய்யோ அம்மா!" என்று நான் கத்திய கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கண்ணில் நீர் முட்ட என் கையைப் பார்த்தேன். அடக் கடவுளே, நான் கறக்கிற பிடி அது! செலியமேட்டில் எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கறப்போம். கட்டை விரலை மடக்கி, அதன் முட்டியால் காம்பை நெரித்து இழுப்போம். எந்தப் பிடியில் உயிர் போனதோ, அதையே தினம் இரண்டு வேளை செய்துகொண்டிருந்தேன்.

"பாப்பா, உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்று எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று பயந்தேன். அவள் தன் விரலை நீட்டி, "இதான் காம்பு, கறந்து காட்டுங்க" என்றாள். என் கட்டை விரலை வெளியே இழுத்துவிட்டாள். "முழுக் கையால புடிங்க. மேலேந்து ஒவ்வொரு விரலா அமுக்குங்க. இழுக்கவே கூடாது."

"அப்ப விக்க வேணாமில்ல?"

"அத நா எப்டிம்மா சொல்றது? வலி கொறையுதான்னு பாப்போம்."

அன்று மாலை புதுப் பிடியில் அரைச் செம்புதான் கறந்தது. மறுநாளும் அதே கதை. பால் கட்டிக்கொண்டு மடி வீங்கிவிடுமோ என்று நடுங்கிப் போனேன். பேசாமல் பழைய பிடிக்கே போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. வியாழக்கிழமை காலை, சரசரவென்று பால் இறங்கியது.

பின்னால் வந்து நின்ற வீட்டுக்காரர், "இன்னாடி, கால கட்டாமயா கறக்கற?" என்றார்.

பதற்றத்தில் மறந்தே போயிருந்தேன். தலைச்சன் கன்று போட்ட நாளிலிருந்து அதன் பின்னங்காலைக் கட்டித்தான் கறப்பேன். கட்டாவிட்டால் என்னையும் உதைக்கும். திமிர் பிடித்தது என்று நாலு சாத்து சாத்துவேன். இன்று அசையாமல் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

"பழைய பிடியில அதுக்கும் வலிச்சிருக்குதுங்க" என்றேன். அழுதுவிட்டேன்.

அவர் வெளியே போய், "நாளைக்கு வர வேணாம்பா" என்று போனில் தரகரிடம் சொல்வது கேட்டது. எனக்குக் கை இன்னும் வலித்தது. இத்தனை நாள் சாத்திய கையால் மாட்டின் முதுகைத் தடவிக் கொடுக்கத்தான் வெட்கமாக இருந்தது.