சகலனின் டெக்சாஸ்

சகலனை ஒருமுறையாவது மட்டந்தட்ட வேண்டும் என்பதற்காக, ஐம்பது வயதைத் தாண்டிய நான், ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து டெக்சாஸ் மாநிலத்தின் சரித்திரத்தைப் படித்தேன். நான் வாழும் பேர்லினைப் பற்றிக் கேட்டால் சுவர் விழுந்தது மட்டும் சொல்வேன்.

சகலன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஹூஸ்டனில் வீடு. தலைமயிர் முழுதாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். போன கோடையில் வந்தபோது, நாங்கள் வருடக்கணக்காகக் காத்திருந்து பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் வாடகைக்கு எடுத்த தோட்டத்துண்டைச் சுற்றிப் பார்த்தார். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

“வடிவாய் இருக்கண்ணை. எங்கட வீட்டிலை கார் விடுற இடம் இவ்வளவு வரும்.”

மனைவி சிரித்தாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்துப் பல காலம். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தப் படிப்பு.

இந்தக் கோடையில் மறுபடி வந்தார்கள். தோட்டத்தில் கரியடுப்பை மூட்டி, கோழிக்கால்களைப் பரப்பிவிட்டுத் தொடங்கினேன். டெக்சாஸ் பத்து வருடத்துக்குக் கிட்டத் தனி நாடாக இருந்தது. மெக்சிகோப் படையிடமிருந்து அலமோக் கோட்டையைக் காத்து நின்றவர்கள் அநேகமாக எல்லோரும் மாண்டார்கள். சில வாரங்களிலேயே மற்ற டெக்சாஸ்காரர்கள் அந்தப் படையை மத்தியான ஓய்வில் மடக்கினார்கள். அடிமைகளுக்கு விடுதலை என்ற சேதி கால்வெஸ்டன் துறைமுகத்துக்கு வந்துசேர இரண்டரை வருடம் பிடித்தது.

“இரண்டரை வருசமோ?” சகலன் வாயைப் பிளந்தார். “அதுக்குத்தானோ ஜூனிலை லீவு விடுறவங்கள். ஏனெண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை அண்ணை!”

விழுந்தான் ஆள் என்று மனைவியைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, கோழி கருகுது!”

சகலன் என் கையிலிருந்த இடுக்கியை மிக மரியாதையாக வாங்கினார். கருகியதைச் சுரண்டி, கரியை ஒருபக்கம் ஒதுக்கி, தேசிக்காய் பிழிந்து, மிச்சத்தைக் காப்பாற்றிவிட்டார். டெக்சாஸில் எண்ணெய் பீறிட்ட கதை என்னிடம் பத்திரமாக இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. மனைவி அவரிடம் இன்னொரு கால் கேட்டு வாங்கினாள். சிரித்துக்கொண்டுதான்.

அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்ததும் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாள். நான் பக்கத்தில் இருப்பது தங்கைக்குத் தெரியாது.

“அக்கா, அத்தானுக்கு இங்கை வந்து இருக்க விருப்பமெண்டா நேரை கேட்டிருக்கலாமே. பாவம், எங்கட ஊர்ச் சரித்திரமெல்லாம் பாடமாக்கி, கோழியையும் கருக்கி, எவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்டார்!”