அமாவாசையில் பிச்சாவரம்

ஆரணியில் எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. மாதத்தில் ஒரே ஒரு நாள், அமாவாசை அன்றுதான் தறி நிற்கும். டாக்டர், சினிமா, பெண் பார்ப்பது, சண்டை போட்ட சொந்தக்காரரைச் சமாதானம் செய்வது, எல்லாவற்றையும் அந்த ஒரு நாளுக்குள் திணித்துக்கொள்வோம். அதனால் எதிர்வீட்டு அண்ணன் வேன் பேசி, பிச்சாவரம் போகலாம், சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் சுற்றலாம் என்று ஆள் சேர்த்தபோது, எந்த நாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரர்தான் முதலில் பெயர் கொடுத்தார், தன்னுடையதும் என்னுடையதும்.

வேன் கிளம்புவதற்கு இருபத்தாறு நாள் முன்பு அவர் இறந்துபோனார். சாயந்திரம் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து டீ குடித்தார், நெஞ்சைத் தடவிக்கொண்டார், ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. நான் அழவில்லை. நான் அழாததைத் தெரு பேசியது. அதற்கும் எனக்குக் கோபம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்குமோ, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

தறியில் ஒரு கல்யாணப் புடவை நின்றது. அரக்கு நிறம், பாதிக்குக் கொஞ்சம் மேலே நெய்திருந்தார். நான் அதன்மேல் அவருடைய பழைய வேட்டியைப் போர்த்தி வைத்திருந்தேன். பட்டு கொடுத்த முதலாளி வந்து பார்த்தார். நல்ல மனிதர், செருப்பை வெளியே விட்டுவிட்டு, உட்காராமல் நின்றே பேசினார்.

"முகூர்த்தம் கிட்ட வருதும்மா. வேற ஆள அனுப்பி முடிச்சிக்கட்டுமா? அமாவாச கழிச்சி சொல்லு, போதும்."

அமாவாசை கழித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். ஒருவர் நெய்ததை இன்னொருவர் தொடர்ந்தால் நடுவில் கோடு விழும். ஊடை நூலை நெருக்கப் பலகையை அடிக்கிற அழுத்தம் ஆளுக்கு ஆள் வேறு. வேறு யார் அந்தக் குழியில் உட்கார்ந்தாலும், இதுவரை அவர், இதற்குமேல் அவர் இல்லை என்று துணியே காட்டிக்கொடுத்துவிடும். எனக்கும் நெய்யத் தெரியும். கல்யாணத்துக்கு முன் அம்மா வீட்டில் நெய்தவள்தான். இங்கே வந்த பதினான்கு வருஷத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுத்ததோடு சரி. நான் உட்கார்ந்தாலும் கோடு விழும். அரைப் புடவையை அப்படியே விடவும் முடியாது, அது இன்னொரு வீட்டுக் கல்யாணம்.

எதிர்வீட்டு அக்கா வந்தாள். "வீட்ல குந்திகினு அந்தத் தறியவே பாத்துகினு இருப்பியா? கெளம்பு. பேர் குடுத்ததுதானே?" என்றாள். வேண்டாம் என்று சொல்லத் தெம்பு வேண்டும். சரி என்றேன். வருஷம் திரும்புவதற்குள் டூர் போகிறாள் பார் என்று வேனுக்குள்ளேயே யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது.

செஞ்சியில் நிறுத்தியபோது அக்கா மல்லிகை வாங்கி, வேனில் ஒவ்வொரு சீட்டாகக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். என்னிடம் வந்ததும் கை தடுமாறியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவளுக்கு உதவி செய்தேன்.

பிச்சாவரத்தில் இறங்கும்போது மதியம் தாண்டிவிட்டது. ஒரு படகுக்கு ஐந்து பேர் ஏறினோம். "ஜோடி ஜோடியா உக்காருங்க, அப்பதான் படகு சாயாது" என்றார் படகுக்காரர். அக்காவும் அண்ணனும் ஒரு பலகையில், பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி ஒரு பலகையில். நான் முன்னால் தனியாக உட்கார்ந்தேன். படகு சாயவில்லை.

அகலமான தண்ணீரில் கொஞ்ச தூரம் போய், குறுகலான வாய்க்காலுக்குள் திரும்பினோம். இரண்டு பக்கத்து மரங்களும் தலைக்குமேல் சேர்ந்துகொண்டன. கிளைகளிலிருந்து வேர்கள் இறங்கித் தண்ணீருக்குள் நின்றன. "இது சுரபுன்ன. அதோ அது தில்ல மரம், அத மட்டும் தொட்டுடாதீங்க. பால் பட்டா கண்ணு போயிடும்" என்றார் படகுக்காரர். மற்றவர்கள் சட்டென்று கையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். என் கை வெளியேதான் கிடந்தது. தைரியம் ஒன்றும் இல்லை, இழுக்கத் தோன்றவில்லை. அழகான இடம் என்று எனக்குத் தெரிந்தது. விலாசம் தெரிகிற மாதிரி தெரிந்தது, அவ்வளவுதான்.

இன்னும் உள்ளே போ, இன்னும் உள்ளே போ என்று அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு வளைவில் படகு கீழே உரசி நின்றது. படகுக்காரர் கழியை ஊன்றிப் பார்த்தார். அசையவில்லை.

"பெரிய வாய்க்காலோட திரும்பிடலாம்னு அப்பவே சொன்னேன். அமாவாசையில தண்ணி இப்படித்தான் வத்தும். இந்த நாளப் பாத்தா வருவீங்க?"

"எங்களுக்குத் தறி லீவே இன்னிக்குதாங்க. வேற நாள்ல எப்படி வர்றது?" என்றார் அண்ணன்.

படகுக்காரர் கழியைப் படகுக்குள் போட்டார். "எறங்கித் தள்ளினா தொட வரைக்கும் சேறு. மூணு மணிக்கு மேல தண்ணி ஏறும். சும்மா உக்காருங்க" என்று பீடியைப் பற்றவைத்தார்.

முதலில் எல்லோரும் அண்ணனைக் கிண்டல் செய்தார்கள். "ஆரணிக்காரன் லீவு எடுத்தா கடலுக்கும் லீவு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பிறகு பேச்சு ஓய்ந்தது. தண்ணீர் இறங்க இறங்கச் சேறு வெளியே வந்தது. அதில் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருந்த சின்னச் சின்ன நண்டுகள் ஓடின.

அக்கா புளிசாதத்தைத் திறந்தாள். யாருக்கும் கொடுக்குமுன், ஓர் உருண்டை பிடித்து இலைத்துண்டில் வைத்துப் படகின் முனையில் வைத்தாள்.

"இன்னிக்கு அமாவாச. அவருக்கு வெக்காம நாம துன்றதா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. போன அமாவாசைக்கு நானும் அவரும் சினிமாவுக்குப் போயிருந்தோம், இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அது லீவு நாள் மட்டும்தான். இனிமேல் அவருக்குப் படைக்கிற நாள். அது எனக்குப் புரிந்தது, வலிக்கவில்லை. வலிக்காதது பயமாக இருந்தது.

அக்கா கா கா என்று கூப்பிட்டாள். அந்தக் காட்டில் கொக்குதான் இருந்தது, காக்கா ஒன்றுகூட வரவில்லை. யாரோ காலை நீட்டியதில் படகு ஆடி, உருண்டை சேற்றில் விழுந்தது. நண்டுகள் வந்து பருக்கை பருக்கையாக எடுத்துப் போயின. அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. "பரவால்ல, அவருக்கு நண்டு புடிக்கும்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

எவ்வளவு நேரம் போயிற்றோ. "என்னடி, கால ஆட்டிகினே இருக்க? பலக அதிருது பாரு" என்றாள் அக்கா.

குனிந்து பார்த்தேன். என் வலது கால் படகின் அடிப்பலகையை மிதித்துக்கொண்டிருந்தது. இரண்டு மிதி, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு மிதி. அவர் தறி மிதிக்கிற கணக்கு அது. பதினான்கு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது காலுக்குள் இறங்கியிருக்கிறது. காலை நிறுத்திவிட்டேன். வேறு யாரையும் அந்தக் குழியில் உட்காரவிட முடியாது என்று அப்போது தெரிந்துவிட்டது. கோடு விழட்டும், என் கையால் விழட்டும்.

தண்ணீர் வந்தது கண்ணுக்கே தெரியவில்லை. படகு லேசாக அசைந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் முதலாளியிடம், "வேற ஆள் வாணாங்க, நானே முடிச்சிக் குடுக்கறேன்" என்றேன். ஆறு நாள் நெய்தேன். என் வீட்டுக்காரர் அடிக்கிற மாதிரியே அடிக்கப் பார்த்தேன். கால் சொன்னபடி கேட்டது, கை கேட்கவில்லை. மெல்லிசாக ஒரு கோடு விழத்தான் செய்தது.

முதலாளி புடவையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் அந்த இடத்தைத் தடவினார். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்லம்மா. கொசுவத்துக்குள்ள போயிடும். கட்டிட்டா யாருக்கும் தெரியாது."

சரிங்க என்றேன். அவர் புடவையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே வந்து தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தேன். யாருக்கும் தெரியாது என்று முதலாளி சொன்னதுதான் திரும்பத் திரும்பக் கேட்டது. என் வீட்டுக்காரர் நெய்து நிறுத்திய இடம் யாருக்கும் தெரியாது. தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதேன். எதிர்வீட்டு அக்கா சோறு பிசைந்த கையோடு ஓடி வந்தாள்.