கறுப்புக் கம்பளிக்குப் பின்னால்

தங்கச் சுரங்கத்துக் கோரமண்டல் லைன் வீடுகளில் சாம்ராஜுக்கு இருந்த பெயர் 'பூச்சி கிளார்க்கு'. தங்கக் கல்லை இடிக்கும் மில்லில் அவருக்குக் கணக்கெழுதும் வேலை. சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போன போட்டோப் பெட்டி அவரிடம் இருந்தது. கலியாணம், ஞானஸ்நானம் என்று யார் கேட்டாலும் அது வெளியே வராது. வீட்டுக்குப் பின்னால் அவரைக்கொடிப் பந்தலில் குடியிருந்த மஞ்சள் வரிச் சிலந்தியை ஒரே ஒரு முறை தெளிவாகப் படம் பிடித்துவிட வேண்டும். அதுதான் அந்த மனிதரின் தவம்.

பாழாய்ப்போன தவம்! பெட்டியின் மூடியைத் திறந்து, கண்ணை மூடி, மனதுக்குள் பரமண்டல ஜெபம் சொல்லி முடிப்பார். அதுதான் அவருக்குக் கடிகாரம். அதுவரை எதுவும் அசையக் கூடாது. மில்லின் இரும்பு உலக்கைகளோ இரவு பகலாக இடித்தன. தரை அதிர்ந்தது, பந்தல் அதிர்ந்தது, வலையும் அதிர்ந்தது. பெங்களூரிலிருந்து வரவழைத்த, படம் பதியும் கண்ணாடித் தகடுகளெல்லாம் புகைமூட்டமாகப் பாழாகி, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

வருஷத்தில் ஒரு நாள், கிறிஸ்துமஸ் அன்று மட்டும், மில் நிற்கும். அந்த நாளுக்காக அந்தத் தகட்டைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

முந்தின சாயங்காலம் வந்து பார்த்தால் பந்தலில் வலை இல்லை! பண்டிகைக்குச் சுண்ணாம்படித்து ஒட்டடை தட்டிய அவர் மனைவி லூயிசா, தொடப்பத்தோடு தோட்டத்துக்கும் போயிருந்தாள்.

"அடிப்பாவி! யாருடி உன்னை அங்க கைவைக்கச் சொன்னது?"

"பண்டிகையும் அதுவுமா பாதிரியார் வர்ற வூடுங்க. ஒட்டடையோடவா உட்றது?" என்றாள் அவள்.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுப் பாப்பம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னா கிளார்க்கு ஐயா, கட்டினவளை ஒரு தபா படம் புடிச்சிருப்பீங்களா? எட்டுக்கால் பூச்சிக்கு மட்டும் இன்னா அம்மாம் அழகு?"

"உன் வேலையப் பாத்துக்குனு போம்மா!"

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை.

விடியற்கால ஆராதனை முடிந்து திரும்பியபோது ஊரே மூச்சடங்கிக் கிடந்தது. உலக்கைச் சத்தம் இல்லை. பந்தலில், என்ன அதிசயம், புத்தம் புது வலை! நடுவில் அதே சிலந்தி, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து விரித்து உட்கார்ந்திருந்தது. ஆனால் பின்னால் புதுச் சுண்ணாம்புச் சுவர் பளீரென்று நின்றது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை நூல் எங்கே தெரியும்? சாம்ராஜ் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் கறுப்புக் கம்பளியைப் பின்னால புடிச்சுக்கறேங்க" என்று ஓடி வந்தாள் லூயிசா. புதுப்புடவை, கொண்டையில் டிசம்பர் பூ. "படத்துல என் மூஞ்சியும் விழுங்களா?"

"விழாது. பின்னால மறைஞ்சு நில்லு. அசையாதே!"

மூடியைத் திறந்தார். கண்ணை மூடினார். ஜெபத்தைச் சொன்னார்.

அடுத்த நாள் வெயிலில் காகிதத்தில் படம் ஏறியது. ஆஹா, இழை இழையாக வலை! சிலந்தியின் கால் முடிகூடத் தெரிந்தது. ஆனால் கம்பளியின் மேல் விளிம்பில் புகைபோல ஒரு தீற்றல்.

"எட்டிப் பாத்தியா?"

"நீங்கதான் கண்ணை மூடியிருந்தீங்களே..." அவள் தலை குனிந்தாள். "கொஞ்ச நேரந்தாங்க. நானும் அதுல இருக்கலாம்னு..."

"கெடுத்துட்டியே! எல்லாத்தையும் கெடுத்துட்டியே!" படத்தை டிரங்குப் பெட்டியில் எறிந்தவர், பிறகு அதை எடுக்கவே இல்லை.

மறு வருஷம் பிளேக் வந்து லூயிசாவைக் கொண்டுபோயிற்று.

அவளை அடக்கம் செய்த பிறகுதான் சாம்ராஜ் டிரங்கைத் திறந்தார். அவளுக்கென்று உலகத்தில் இருந்த ஒரே படம் அதுதான். பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினார். சிலந்தியின் கண்கூடப் புள்ளியாகத் தெரிந்தது. அவள் கண் எங்கே? மூக்கு எங்கே? டிசம்பர் பூ எங்கே?

"கொஞ்சம் அசையாம நின்னிருக்கக் கூடாதாடி!" என்று கத்தினார்.

மில் இடித்துக்கொண்டே இருந்தது. அவர் கையிலிருந்த காகிதமும் அதோடு சேர்ந்து ஆடியது. ஆடிய காகிதத்தில் எதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை.