கரையில் நின்று எறிந்த கல்

ஜெர்மனியின் எசன் நகரில் ஓர் அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக இருக்கிறேன். பழைய கிரேக்க நகரங்களுக்கான கூடத்தில் எப்போதும் ஒரு கதை சொல்வேன். தேரா தீவில் பஞ்சம் வந்தபோது, ஊரே கூடித் தன் பிள்ளைகளைக் கப்பலேற்றி, கடல் கடந்து புது நகரம் அமைக்க அனுப்பியது. போன இடத்தில் தாக்குப்பிடிக்க முடியாமல் அவர்கள் திரும்பி வந்தார்கள். சொந்தச் சனமே கரையில் நின்று கல்லெறிந்து துரத்தியது. அந்த இடத்தில் நான் கையை ஓங்கிக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன், தொலைவில் டார்ம்ஸ்டாட் நகரில் படித்துக்கொண்டிருந்த மகள் போன் எடுத்தாள்.

"அப்பா, என்னால ஏலாது. படிப்பை விட்டிட்டு வீட்ட வரட்டோ?"

"பாதியில வந்து நிண்டா சனம் என்ன கதைக்கும்? முடிச்சிட்டு வா," என்று போனை வைத்தேன்.

அடுத்த நாள் அந்தக் கதையில் கையை ஓங்கியபோது, கூட்டத்துக்குப் பின்னால் அவள் சூட்கேசுடன் நின்றாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. முன்னால் நின்ற ஜெர்மன்காரப் பெண் கேட்டார்: "பெற்றவர்களுமா எறிந்தார்கள்?"

"ஆம்," என்றேன்.

மகள் கிட்ட வந்தாள். "சும்மா பாத்திட்டுப் போக வந்தனான் அப்பா. போயிட்டு வாறன்."

கூட்டத்தை விட்டு அவள் பின்னால் ஓட எனக்குத் தோன்றவில்லை. வேலையை முடித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் போய்விட்டது.

அவள் படித்து முடித்து அங்கேயே வேலை எடுத்துவிட்டாள். வீட்டுக்குக் கூப்பிட்டால், "பாப்பம் அப்பா," என்கிறாள். துரத்தப்பட்ட அந்தக் கிரேக்கர்களும் பிறகு பெரிய நகரம் கட்டினார்கள்தான். கதையை இப்போதும் சொல்கிறேன். கை மட்டும் காற்சட்டைப் பையை விட்டு வெளியே வருவதில்லை.