தமிழில் கத்திய வாத்து

போன வாரம் ஒரு சாவு வீட்டில் வாத்து மாதிரி கத்தினேன். ஆமாம், நானேதான்.

மண்ணூரில் எங்கள் மாடி போர்ஷனில் லான் குடியிருக்கிறாள். வியட்நாம்காரி. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் புது மெஷினை ஓட்ட நம் பெண்களுக்குப் பழக்கித் தருகிறாள். அந்தப் பெண்கள் பதிலுக்கு அவளுக்குக் கொஞ்சம் தமிழ் பழக்கியிருக்கிறார்கள்.

தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் மொட்டை மாடியில் வீடியோ கால். "கேப் கேப்... கேப் கேப்" என்று கத்துவாள்.

"இன்னா, மேல அந்தப் பொண்ணு வாத்து எதுனா வளக்குதா?" என்றார் என் வீட்டுக்காரர்.

வாத்துதான். லானின் அப்பா ஊரில் வாத்து மேய்த்தவர். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. மகள் பேர்கூட வாயில் வராது. ஆனால் இவள் "கேப் கேப்" என்றால் மட்டும் "கேப்" என்று ஒரு பதில் வரும். அதைக் கேட்டால்தான் இவளுக்குச் சோறு இறங்கும்.

என் வாய் சும்மா இருக்குமா? துணி எடுக்கப் போகும்போதெல்லாம் ஃபோனை எட்டிப் பார்த்து, "எங்க ஊரு வாத்து பேக் பேக்னுதான் கத்தும் தாத்தா" என்பேன். அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரிக்கும். அவர்கள் ஊர் நாய் "கவ் கவ்" என்று குரைக்குமாம். நம்முடையது லொள் லொள். அதெல்லாம் அவருக்கு வேண்டாம் — வாத்துதான் வேண்டும்.

போன செவ்வாய் லான் வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை போல என்று நினைத்தேன். சாயங்காலம் மாடிக்குப் போனால், கைப்பிடிச் சுவரில் ஃபோனைச் சாய்த்து வைத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றாள். திரையில் நிறைய பேர். எல்லார் நெற்றியிலும் வெள்ளைத் துணி. ஏதோ கோயில் விசேஷம் என்று நினைத்து, வழக்கம்போலத் தலையை நீட்டி "பேக் பேக்" என்றேன். சத்தமாக.

அங்கே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லானும் திரும்பினாள். அவள் நெற்றியிலும் பழைய டி-ஷர்ட்டில் கிழித்த வெள்ளைத் துணி. திரையின் நடுவில் ஒரு பெட்டி இருந்தது.

தாத்தா போய்விட்டார். டிக்கெட் எடுத்து இவள் போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிடுமாம்.

"மன்னிச்சிடும்மா" என்று கையைப் பிடித்தேன்.

"இல்லக்கா" என்றாள். "காலைல இருந்து நான் சொல்லணும். வாய் வரல. நீ சொன்ன. அப்பா கேட்டுச்சு."

என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை நிற்கவில்லை. ஒரு மகள் சொல்ல வேண்டியதை நான், அதுவும் வேற்று பாஷையில், சொல்லித் தொலைத்திருக்கிறேன்... அதற்கு நன்றி வேறா?

நேற்று சாயங்காலம் மாடியில் மறுபடியும் "கேப் கேப்" என்று கேட்டது. படியேறிப் பார்த்தேன். அவள் கையில் ஃபோன் இல்லை.

பதில் என் தொண்டை வரை வந்தது. இந்த முறை அடக்கிக்கொண்டேன் — அவள் கூப்பிட்டது என்னை இல்லையே.