பெரியசாமி ஜோடித்த கேமரா

முதல் நாள் அவர் கடைக்குள் வந்து நின்ற தோரணையே எனக்குப் பிடிக்கவில்லை. வணக்கம் இல்லை, விலை கேட்கவில்லை. மேசைமேல் வைத்திருந்த பழைய கேமராக்களை, லாரிக்காரர் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக விரலால் தட்டிக்கொண்டே போனார்.

"அய்யா, தட்டாதீங்க. உடைஞ்சா நீங்கதான் பொறுப்பு" என்றேன்.

"தட்டுனா ஒடையற சாமான எதுக்கு அம்மிணி விக்கற?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! நான் பிரின்சி. சேலத்தில் பிறந்து நாமக்கல்லில் வாழ்க்கைப்பட்டவள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பதினாறு வருடமாகக் கேமராக் கடை நடத்துகிறேன். விற்பது, பழுது பார்ப்பது, வாடகைக்கு விடுவது எல்லாம் நானே. எனக்கு வாய் நீளம் என்று என் மாமியார் தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறார். அந்த வாயையே ஒரு நொடி அடைத்துவிட்டார் மனுஷன்.

பெயர் பெரியசாமி. மோகனூர்ப் பக்கம், வயது அறுபத்தாறு. நாற்பது வருடம் லாரி ஓட்டிவிட்டு, முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் இறங்கியவர். தங்கை மகள் சௌமியாவுக்கு அடுத்த மாதம் பரமத்தி வேலூரில் கல்யாணம், அதைத் தானே வீடியோ எடுக்க வேண்டும் என்றார்.

"கல்யாண வீட்டுல வீடியோவுக்கு ஆள் சொல்லியிருப்பாங்களே?"

"சொல்லியிருக்காங்க. அது அவுங்க வீடியோ. இது என்ற வீடியோ."

போனிலேயே எடுக்கலாமே என்று நல்ல மனதோடுதான் சொன்னேன். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கையை விரித்துக் காட்டினார். அந்த உள்ளங்கையில் போன் தீப்பெட்டி மாதிரிதான் இருக்கும். கடைசியில், கைக்குப் பட்டை மாட்டிப் பிடிக்கும் பழைய வீடியோ கேமரா ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பழசுதான், ஆனால் தனி மைக் சொருகவும் ஹெட்போன் சொருகவும் அதில் வசதி உண்டு. நல்ல தேர்வு. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நான்கே நாளில் திரும்பி வந்து கேமராவை மேசைமேல் வைத்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கைப்பிடியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் வயர் பின்னியிருந்தது. லென்ஸுக்கு மேலே ரெக்ஸினில் வெயில் மறைப்பு. கண் திருஷ்டிக்கு ஓர் எலுமிச்சம்பழம், மூன்று பச்சை மிளகாய். பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று மட்டும்தான் எழுதவில்லை.

"என்னங்க இது?"

"வண்டி எடுத்தா ஜோடிக்காம ரோட்டுல எறக்குவாங்களா?"

மிளகாய் லென்ஸுக்கு முன்னால் தொங்கியது. அவர் எடுத்திருந்த வீடியோவில் தெரு, எருமை, மனைவி முத்தாயம்மாள், தபால்காரர் என எல்லார் நெற்றியிலும் ஒரு பச்சை மிளகாய். அதைக் கழற்ற வைக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. போதாக்குறைக்கு, கேமராவைத் தொப்பைமேல் முட்டுக்கொடுத்து எடுத்திருந்தார். அவர் மூச்சு விடும்போதெல்லாம் மோகனூரே ஏறி இறங்கியது. "மொதல்ல ஒரு மூணு கால் ஸ்டாண்டு வாங்குங்க" என்று நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். "காத்தடிச்சாப் பறந்துரும்" என்று கீழே வைத்துவிட்டுப் போனார்.

மறு வாரம், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையிலிருந்து அவருடைய ஸ்டாண்டு வந்தது. ஆங்கிள் இரும்பு, பச்சைப் பெயிண்ட், பதினெட்டுக் கிலோ. இரண்டு பேர் தூக்கி வந்து இறக்கியதில் என் கடைத் தரையில் ஒரு டைல்ஸ் விரிசல் விட்டது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேமராவை அதன்மேல் மாட்டிவிட்டு, "ஆட்டிப் பாரு அம்மிணி" என்றார். பிடித்து உலுக்கினேன். இம்மியும் அசையவில்லை. என் கடையில் இருக்கும் எந்த ஸ்டாண்டும் அப்படி நிற்காது.

வெளிச்சத்துக்கு, லாரி முன்னால் மாட்டும் மஞ்சள் விளக்கு இரண்டும் ஒரு லாரி பேட்டரியும். அந்த வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் முத்தாயம்மாளைப் பார்த்தால் மஞ்சள் காமாலை முற்றியவர் மாதிரி இருந்தது. "அய்யா, எந்த விளக்குல எடுக்கறீங்களோ, அந்த விளக்குலயே ஒரு வெள்ளைத் தாளைக் கேமராவுக்குக் காட்டி இந்தப் பொத்தானை அமுக்கணும். எது வெள்ளைன்னு அதுக்கு நாமதான் சொல்லித் தரணும்" என்று விளக்கினேன். "வெள்ளைத் தாளுக்கு நான் எங்க போறது?" என்று யோசித்தவர், குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். நான் அப்போதே தடுத்திருக்க வேண்டும்.

சத்தம்தான் பெரிய வில்லங்கமாக இருந்தது. காவிரிக் கரையில் நின்று எடுத்த வீடியோவில் காற்று புர்புர் என்று அடித்ததில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைக்குக்குப் போடும் ரோம உறை ஒன்றை எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். லாரிக்குக் குஞ்சம் விற்கும் கடைக்குப் போய்க் கருப்பு நூல் குஞ்சம் வாங்கி, முத்தாயம்மாளை விட்டு மைக்குக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டு வந்தார். போட்டுக் கேட்டேன். காற்றுச் சத்தம் பாதிக்குமேல் அடங்கியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ரோம உறையை விற்க முடியாமல் மூன்று வருடமாக வைத்திருக்கிறேன்.

"நம்ம காதுக்குக் கேக்கறது முக்கியமில்ல. மைக்குக்கு என்ன கேக்குதுங்கறதுதான் முக்கியம். ஹெட்போன் போட்டுக்கிட்டுத்தான் எடுக்கணும்" என்று ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். மறுநாளே திருப்பிக்கொண்டு வந்தார்.

"வலது பக்கம் வேல செய்யலீங்க."

மாற்றிக் கொடுத்தேன். அதற்கு மறுநாளும் வந்தார். அதிலும் வலது பக்கம். மூன்றாவது பெட்டியைப் பிரிக்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. பழைய ஹெட்போனையே முன்பின்னாகத் திருப்பி, இடதை வலது காதில் மாட்டிவிட்டேன்.

"இப்ப?"

"இப்பவும் வலதுதான் கேக்கல" என்றார்.

நாற்பது வருடம் ஜன்னல் பக்கம் இருந்த காது. காற்றும் ஏர்ஹாரனுமாகச் சேர்ந்து தின்றுவிட்டன. நான் வாயைத் திறப்பதற்குள் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வெளிய சொல்லிப்போடாத சாமி. செவிட்டு டிரைவர்னு பேரு வந்தா ஆரு வண்டி குடுப்பாங்கன்னு அப்ப மூடி வெச்சேன். இப்பச் சொன்னா, மெசின மாட்டு, ஆஸ்பத்திரிக்கு வான்னு உசுர எடுப்பாங்க."

"உங்க வீட்டுக்காரம்மாவுக்குமா தெரியாது?"

"நான் வேணும்னே காது கேக்காத மாதிரி நடிக்கறேன்னு அவளுக்கு நெனப்பு. அது அப்பிடியே இருக்கட்டும். அதுலயும் ஒரு சௌகரியம் இருக்குது."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு சௌமியா பெரியவளானபோது சீர் வைத்தார்கள். தாய்மாமன் இல்லாமல் அந்தச் சீர் நடக்காது. இவருடைய லாரி அஸ்ஸாமில் மண்சரிவில் மாட்டி ஐந்து நாள் நகரவில்லை. கடைசியில் சித்தப்பா மகன் ஒருவரை மாமன் இடத்தில் நிறுத்திச் சீரை முடித்தார்கள். சபையில் தலைகுனிந்து நின்ற தங்கை ஆத்தாயி, அன்றோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்தினார். வீட்டுக்கு வருவார், முத்தாயம்மாளோடு மணிக்கணக்காகப் பேசுவார். இவரைக் கண்டால் சுவரைப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகையைக்கூட முத்தாயம்மாள் கையில் கொடுத்து, அண்ணன் என்றுகூடச் சொல்லாமல் "மாமன வரச்சொல்லுங்க" என்றாராம்.

"கேமரா புடிச்சுட்டு நிக்கறவன்கிட்ட ஆரும் எதும் கேக்கமாட்டாங்க அம்மிணி. தங்கச்சி பக்கத்துலயே நிக்கலாம். அவ பேசுனா சரி. இல்லீன்னா, இந்தக் கண்ணாலம் முடிஞ்ச பொறவு அந்த ஊட்டு வாசல்ல நான் எதுக்குன்னு போயி நிக்கறது?"

"டீ ஆறுது, குடிங்க" என்று ஓர் அதட்டல் போட்டேன். பிறகு கடையிலேயே நல்ல சாமானை எடுத்து வைத்தேன். சட்டையில் குத்திவிடும் காலர் மைக். ஐம்பது அடி தள்ளிப் பேசினாலும் கம்பியில்லாமல் கேமராவுக்குக் கேட்கும். "வாடகை வேண்டாம். ஆனா நானும் கூட வருவேன். உங்க கையில தனியா விட்டா, இதுக்கும் மிளகாய் கட்டிருவீங்க" என்றேன்.

கல்யாணத்தன்று காலையில், பச்சை ஸ்டாண்டு மண்டபத்துக்குள் நுழைந்ததுமே பாதிக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. கல்யாண வீட்டார் ஏற்பாடு செய்திருந்த வீடியோக்காரர், தன் கேமராவை இறக்கிவிட்டு எங்களைத்தான் படம் பிடித்தார். மஞ்சள் விளக்கு இரண்டும் எரிந்தன. பெரியசாமி கேமராவுக்கு முன்னால் வந்து நின்றார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிவதற்குள், வேட்டியின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கி விரித்து, "அமுக்கு அம்மிணி!" என்றார்.

மாதாவே! முன்வரிசைப் பெண்கள் கத்திய கத்தலில் மேளமே நின்றுவிட்டது. நல்லவேளையாக உள்ளே முழங்கால் வரை காக்கி டிராயர் போட்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினேன். வெள்ளை சரியாக விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்த காலர் மைக்கை ஆத்தாயி சேலையில் குத்தியது மணப்பெண் சௌமியா. "எதுக்குடி இது?" என்று கேட்ட அம்மாவிடம், "வீடியோவுல உன் குரல் விழோணும்மா" என்றாள். யாருடைய வீடியோ என்று அவள் சொல்லவில்லை. எனக்கு மட்டும் கண்ணடித்தாள்.

பெரியசாமி தாய்மாமனாக மாலை போட்டு, சௌமியாவைக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்து வந்தார். ஒரு முழத் தூரத்தில் நின்ற ஆத்தாயி, மாலையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அண்ணனைப் பார்க்கவில்லை. தாலி கட்டியாயிற்று. மேளம் ஓய்ந்து கூட்டம் பந்திக்கு நகர்ந்தது. பெரியசாமி தொங்கிய முகத்தோடு ஸ்டாண்டுக்குப் பின்னால் வந்து நின்றார். சத்தத்தைச் சரிபார்க்க நானும் ஒரு ஹெட்போன் போட்டிருந்தேன். முப்பது அடி தள்ளி ஆத்தாயியும் முத்தாயம்மாளும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பெரியசாமி கேமராவில் தங்கையின் முகத்தைப் பெரிதாக்கிப் பிடித்தார்.

"பாத்தீங்களா நங்கை, உங்க ஊட்டுக்காரரு வேட்டியத் தூக்கி மானத்த வாங்கிப்போட்டாரு" என்று ஆத்தாயி சிரிப்பது எங்கள் காதில் துல்லியமாகக் கேட்டது. அண்ணன் மனைவியை இந்தப் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"போயி நீயே திட்டு. உன்ற அண்ணன்தான?" என்றார் முத்தாயம்மாள்.

"நான் எதுக்குங்க பேசறது? நானா போயிப் பேசுனப்ப மூஞ்சியத் திருப்பிட்டுப் போனவருதான."

"நீ எப்பப் பேசுன?"

"எட்டு வருசமாச்சு. மாரியம்மன் பண்டிகையில தேர்கிட்ட நின்னுட்டிருந்தாரு. மனசு கேக்காம பக்கத்துல போயி, 'அண்ணா, நல்லா இருக்கறயா'ன்னு கேட்டனுங்க. ரண்டு தடவ கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. நானும் மனுசிதான நங்கை? அன்னைக்கு ஊட்டுல போயி நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்."

நான் பெரியசாமியைப் பார்த்தேன். ஹெட்போனை இடது காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். சட்டென்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மண்டபம் அதிரக் கத்தினார்.

"எந்தப் பக்கம் நின்னு கேட்ட ஆத்தாயி?"

கூட்டம் அப்படியே நின்றது. ஆத்தாயி திடுக்கிட்டு எழுந்தார். தன் நெஞ்சில் குத்தியிருந்த மைக்கைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"வலது பக்கமா, எடது பக்கமா? சொல்லு சாமி! எனக்கு வலது காது கேக்காது! இருவது வருசமாச் சுத்தமாக் கேக்காது!"

யாரிடமும் சொல்லாதே என்று என்னைக் கும்பிட்ட மனுஷன், முந்நூறு பேருக்கு நடுவில் போட்டு உடைத்துவிட்டார். "அட, அப்ப இத்தன நாளா நடிக்கலீங்களா நீங்க?" என்று முத்தாயம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆத்தாயி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். வந்த வேகத்தில் அண்ணன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"காது கேக்கலீன்னா கேக்கலீன்னு சொல்றதுக்கு என்னண்ணா கேடு உனக்கு? எட்டு வருசம்ணா!"

"நீ மூணாவது தடவ கேட்டிருந்தா வாய் தேஞ்சா போயிருக்கும்?" என்று இவரும் கத்தினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு இருவரும் அங்கேயே நின்று சண்டை போட்டார்கள். அஸ்ஸாம் மண்சரிவு வந்தது, சித்தப்பா மகன் வந்தார், அண்ணன் கையில் கொடுக்காத பத்திரிகை வந்தது. ஒருவர் பேசி முடிப்பதற்குள் மற்றவர் ஆரம்பித்தார். விலக்கிவிட வந்தவர்களை இருவருமாகச் சேர்ந்து திட்டினார்கள். கேமராவில் சத்தத்தின் அளவு காட்டும் கோடு சிவப்பில் முட்டிக்கொண்டே இருந்தது. சிவப்பைத் தொட்டால் உடனே குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு கரகரத்துப்போகும் என்று கடைக்கு வருகிற எல்லாருக்கும் சொல்கிறவள் நான். அன்றைக்கு நான் அதில் கை வைக்கவில்லை.