முழங்காலை மடக்கக் கொழும்புக்குப் போனேன்

ஞாயிறு, காலை 5.20. காத்தான்குடியிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் பஸ்ஸில் முன் ஆசனத்தைக் கேட்டு வாங்கியிருந்தேன். வலது காலை நீட்டியபடிதான் எட்டு மணித்தியாலம் இருக்க முடியும். அது நடைபாதையில் குறுக்கே கிடந்தது.

"காலக் கொஞ்சம் மடக்குங்க நானா, ஆக்கள் ஏறணும்" என்றார் நடத்துநர்.

"அது மடங்கினா நான் ஏன் கொழும்புக்கு வாறன்?"

பின் ஆசனங்களில் சிரித்தார்கள். நடத்துநரும் சிரித்துவிட்டு, என் காலைத் தாண்டித் தாண்டியே டிக்கெட் போட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் மோட்டார் சைக்கிள் சறுக்கி வலது முழங்கால் சில்லு உடைந்தது. எலும்பு பொருந்திவிட்டது. முழங்கால் மட்டும் பாதி வழியில் நின்றுகொண்டது. அன்றிலிருந்து பள்ளிவாசலில் என் இடம் வரிசையின் கடைசியில் போட்ட பிளாஸ்டிக் கதிரை. நோயாளி கதிரையில் தொழுவதில் குற்றமில்லை. யாரும் ஒரு வார்த்தை சொன்னதுமில்லை. ஆனால் நாளுக்கு ஐந்து வேளை, எல்லோருடைய நெற்றியும் நிலத்தில் இருக்கும்போது நான் மட்டும் அவர்களுடைய முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுஜூதில் என் நெற்றி நிலத்தைத் தொட வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையை நானே கெடுவாக வைத்துக்கொண்டேன்.

பிற்பகல் 1.45க்குக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, கரையோர ரயிலில் வெள்ளவத்தை வந்தேன். தங்கியது மச்சானின் தொடர்மாடி வீட்டில். மூன்றாம் மாடி, 48 படிகள். ஒவ்வொரு படியிலும் இடது கால் முன்னே போக, வலது கால் பின்னால் வந்து சேர்ந்தது.

திங்கள், காலை 6.30. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மருந்துக் கடைக்கு மேலே ஒரு மண்டபம். ஒரு நாளைக்கு 1,500 ரூபா. இயந்திரம் எதுவும் இல்லை; பதினொரு பாய்களும், ரயில் போகும்போதெல்லாம் அதிரும் மூன்று யன்னல்களும்தான். பயிற்சி தருபவர் ரஜீவன், யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். வரும்போது ஒரு சாரமும் ஒரு துவாயும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். சாரம் உடுப்பதற்கு என்று நினைத்தேன்.

குப்புறப் படுக்க வைத்து வலது காலை மடக்கிப் பார்த்தார். குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் இடையே அளவு நாடா பிடித்தார். 24 அங்குலம். பிறகு கணுக்காலை ஆட்டினார், கால் விரல்களைப் பின்னே வளைத்தார். கத்திவிட்டேன்.

"முழங்கால் மட்டும்தான் கள்ளன் எண்டு நினைக்காதேங்கோ அங்கிள்" என்றார். "துடையும் விரலும் அவனுக்குக் கூட்டாளி. ரெண்டு வருசமா ஒளிச்சு வச்சிருக்கினம்."

சாரத்தை வடம்போல முறுக்கி, கணுக்காலில் சுருக்கிட்டு, தோளுக்கு மேலால் என் கையில் தந்தார். மெதுவாக இழுக்க வேண்டும். முப்பது செக்கன் பிடிக்க வேண்டும். பத்துத் தடவை, காலையும் மாலையும். இழுபடலாம், குத்தக் கூடாது. குத்தினால் விட்டுவிட வேண்டும்.

பக்கத்துப் பாயில் பெருமாள், அறுபத்து நான்கு வயது, கொட்டாஞ்சேனைக்காரர், புறக்கோட்டையில் நகைக்கடை வைத்திருப்பவர். இடுப்பு இறுகி, குனிந்து செருப்பு வாரைக் கூட மாட்ட முடியாமல் வந்தவராம்.

"என்ன நானா, மாட்ட இழுக்கிற மாதிரி ஒங்க கால நீங்களே இழுக்கிறீங்க?"

"நீங்க முதல்ல செருப்பப் போடுங்க முதலாளி, பிறகு கதைப்பம்."

வகுப்பு முடிவில் மறுபடி நாடா: 22. இரண்டு வருடத்தில் ஓர் அங்குலமும் அசையாதது ஒரு மணித்தியாலத்தில் இரண்டு அங்குலம் அசைந்திருந்தது. படிகளில் ஏறும்போது மச்சானுக்கு அங்கிருந்தே சத்தம் போட்டுச் சொன்னேன்.

செவ்வாய், காலை 7.30. 20½ அங்குலம். அன்று முழுவதும் சந்தோஷத்தில் என் கால் நிலத்தில் பாவவில்லை. கடற்கரையில், தண்டவாள ஓரத்தில், தெரியாத இரண்டு பேரிடம் என் அங்குலக் கணக்கைச் சொன்னேன். அந்த உற்சாகத்தில்தான் பிழை நடந்தது. தொழுகை முடிந்து தஸ்பீஹ் ஓதும்போது விரல் கணுக்களில் முப்பத்து மூன்று எண்ணிப் பழகிய கை. தொழுகை விரிப்பிலேயே சாரத்தைக் காலில் மாட்டி இழுத்தபோது, எண்ணிக்கை பத்தில் நிற்கவில்லை. தானாகவே முப்பத்து மூன்றுக்குப் போனது. போனால் நல்லதுதானே என்று நினைத்தேன். லுஹர், அஸர், மஃரிப், இஷா: நான்கு தொழுகைக்குப் பிறகும் அதே கணக்கு.

புதன் காலை முழங்கால் பாதித் தேங்காய்போல எழும்பியிருந்தது. சூடாகவும் இருந்தது. நாடா 25 காட்டியது. புறப்பட்ட இடத்துக்கும் பின்னால்.

"எத்தினை தரம் இழுத்தனீங்கள்?" ரஜீவன் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"முப்பத்து மூணு."

"ஒருக்காவோ?"

"ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும்."

பெருமாள் வாய்விட்டுச் சிரித்தார்.

"சிரிக்காதேங்கோ முதலாளி. போன மாசம் நீங்கள் எத்தினை தரம் குனிஞ்சனீங்கள் எண்டு சொல்லுங்கோ."

"நூத்தியெட்டு" என்றார் பெருமாள், குரலைத் தாழ்த்தி. "முருகனுக்குச் சொல்றதுதானேன்னு..."

"ஒருத்தர் முப்பத்து மூண்டு, ஒருத்தர் நூற்றெட்டு. இது நேத்திக்கடனும் இல்லை, தஸ்பீஹும் இல்லை. பத்து எண்டா பத்துத்தான். கூடச் செய்தா தசைக்குப் புண்ணியம் கிடைக்காது!"

வெள்ளிக்கிழமை பற்றிக் கேட்டேன். "அதை நான் சொல்ல ஏலாது அங்கிள். வீக்கம் வத்தினால் பாப்பம்" என்றார். அன்று முழுக்க ஐஸ் கட்டியும் தலையணைமேல் தூக்கிவைத்த காலும்தான். அஸரைக் கதிரையில் தொழுதேன். அந்த வாரத்தில் மிக நீண்ட நாள் அது.

வியாழன், மாலை 4.00. வியாழக்கிழமை வகுப்பு கொட்டாஞ்சேனையில். 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை, அங்கிருந்து முச்சக்கர வண்டியில் 300 ரூபா. ஒரு பக்கம் கோயில் மணி, மறுபக்கம் மாதா சிலை, நடுவே வண்டிகளின் ஹோர்ன். சாரதி என் காலைப் பார்த்துச் சிங்களத்தில் விசாரித்தார். தன் முதுகுக்கும் ஏதாவது சொல்லித்தரச் சொன்னார். மூன்று நாள் மாணவன் எதையும் சொல்லித்தரக் கூடாது என்று மறுத்துவிட்டேன்.

மண்டபம் ஒரு இரும்புக் கடையின் மேல்மாடியில். வாசலில் பெருமாள் குனிந்து, முனகி, இரண்டு வாரையும் தானே கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கை தட்டினேன்.

வீக்கம் பெரும்பாலும் வற்றியிருந்தது. ரஜீவன் ஐந்து தடவைக்குத்தான் அனுமதி தந்தார். எண்ணும் பொறுப்பைப் பெருமாளிடம் கொடுத்தார். அவர் என் தலைமாட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, தங்கம் நிறுக்கிற கவனத்தோடு எண்ணினார்.

"நாலு... அஞ்சு! விடுங்க நானா, சாரத்த விடுங்க. ஆறாவது கெடையாது!" சொன்னதோடு நில்லாமல் சாரத்தையும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

21 அங்குலம். பிறகு சுவரில் கால் விரல்களை வளைத்து நிற்கும் பயிற்சி. கடைசியாக மெத்தை விரித்து, கை ஊன்றி, முழந்தாளிடப் பழகினோம். இடது முழங்கால் முதலில், வலது பின்னால். நெற்றி ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது.

வெள்ளி, காலை 6.30. வெள்ளவத்தை. 19½. ரஜீவன் நாடாவைச் சுருட்டினார். "நெத்தி முட்டும். ஆனா குதிக்கால் மேல இருக்க வெளிக்கிடாதேங்கோ, அதுக்கு இன்னும் மூண்டு மாசம் வேணும். காலைப் பக்கத்தால விட்டு இருங்கோ." வீட்டில் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதித் தந்தார். பத்து என்ற எண்ணைச் சுற்றி இரண்டு வட்டம்.

பகல் 12.10. அங்கேயே ஒரு பள்ளிவாசலில் குத்பா உரையைக் கதிரையில் இருந்துதான் கேட்டேன். நாளைக் காலை ஊருக்குப் பஸ். இன்று இல்லாவிட்டால் நான் வைத்த கெடு போய்விடும். தொழுகை தொடங்க இகாமத் சொன்னதும் எழுந்து, கதிரையை விட்டு நாலு அடி இடப்பக்கம் நடந்து, வரிசையில் ஒரு இடைவெளியில் நின்றேன். தோளோடு தோள். இரண்டு வருடமாக ஒரு தோளும் என்னைத் தொட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

சுஜூது. இடது முழங்கால், இரண்டு கைகள், வலது முழங்கால். தொடை வடமாக இறுகியது. பல்லைக் கடிக்கவில்லை; மூச்சை விட்டேன், காத்திருந்தேன், இன்னும் கொஞ்சம் இறங்கினேன். விரிப்பின் நார் நெற்றியில் குத்தியது. மூக்கும் பட்டது. தூசியும் அத்தரும் கலந்த ஒரு மணம். கதிரை உயரத்துக்கு அந்த மணம் வருவதில்லை. இமாமின் தக்பீர் கேட்டு வரிசை முழுவதும் நிமிர்ந்தது. நான் ஒரு கணம் பிந்தினேன், வலியால் அல்ல.

தொழுகை முடிந்து திரும்பிப் பார்த்தேன். பிந்தி வந்த பெரியவர் ஒருவர் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் கைப்பிடியில் ஊன்றி எழும்பப் பார்த்தார்.

"மன்னிக்கணும் மகன், இது உங்கட கதிரையா?"

"இல்ல ஹாஜியார்" என்றேன். "நீங்க இருங்க."